முன்னே செல்பவர் யார்?



ஆவணி பிறந்துவிட்டால், மாட்டுத்தாவணியைக் கடந்து மேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் காவியுடை உடுத்திய கூட்டங்களைக் காணலாம். ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் பெருவிழாவுக்கோ வேளாங்கண்ணி சென்று சேர வேண்டும் என்று நடந்து செல்லும் மக்கள் அவர்கள். அவர்களிடையே மிதிவண்டியில் செல்லும் இளைஞர்களும் உண்டு. மதுரை கே.கே. நகரிலிருந்து அவர்களை ஆண்டுதோறும் பார்த்து வரும் எங்கள் உள்ளத்திலும் ஓர் ஆசை முளைத்தது. வரும் தை மாதத்தில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மிதிவண்டியில் வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை செல்வது என்று முடிவு செய்தோம்.

இப்பகுதியை நாங்கள் இருவருமே சேர்ந்து எழுதி வருகிறோம். ஆதலால் எங்களுள் யார் என்ன செய்தார் என்பதைச் சொல்லும்போது 'கணவர்' என்றும் 'மனைவி' என்றும் குறிப்பிடுவோம். கணவருக்கு வயது 57, மனைவிக்கு 52. வெளியூர்களில் பணிபுரியும் எங்கள் மக்கள் இருவரும் செய்தி கேட்டதும், "பேருந்து இல்லையா, தொடர்வண்டி இல்லையா, இந்த வயதில் இது எதற்கு?" என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடை தொடக்கத்தில் எங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. பயணத்துக்காகச் செய்த ஆயத்தமே அந்த விடையை எங்களுக்குக் கற்றுத் தந்தது. அதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் வழியைச் சொல்லிவிடுவோம். மேலூர், திருப்பத்தூர், திருமயம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட பாதை. ஏறத்தாழ 260 கிலோமீட்டர். இதை ஐந்து நாளாகப் பிரித்துள்ளோம். முதல் நாள் திருப்பத்தூர், இரண்டாம் நாள் புதுக்கோட்டை, மூன்றாம் நாள் தஞ்சை, நான்காம் நாள் திருவாரூர், ஐந்தாம் நாள் அன்னையின் திருத்தலம். நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டருக்கு மிகாது. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்தால் ஐந்து மணி நேர உழைப்பு. விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி கடந்துவிடலாம்.

இவ்வளவும் கணவர் வரைபடத்தை விரித்து வைத்து ஒரே மாலையில் முடித்த கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அதில் மிதிப்பவர் ஒருவரே, இருவர் இல்லை.

இது எங்களுக்கு விளங்கியது முதல் ஒத்திகை நாளன்று. ஒரு சனிக்கிழமை விடியலில், மேலூர் வரை சென்று திரும்புவது என்று கிளம்பினோம். ஒத்தக்கடையில் யானைமலையின் அடிவாரம் வரை இருவரும் சேர்ந்தே சென்றோம். அதன்பின் கணவரின் வண்டி முந்தியது. நல்ல சாலை, குளிர்ந்த காற்று, சமதளம். அவருக்கு இளமை திரும்பியது போன்ற உற்சாகம். மேலூரை அடைந்து, ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, இரண்டு தேநீர் அருந்தி, நாளிதழையும் படித்து முடித்தார். ஒரு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. மனைவி வரவில்லை.

நரசிங்கம்பட்டிக்கு அப்பால் மனைவியின் பின்சக்கரம் பஞ்சராகியிருந்தது. காற்றடிக்கும் பம்பு கணவரின் பையில். ஒட்டுப்போடும் சொல்யூஷனும் ரப்பர் துண்டும் கணவரின் பையில். பணம் கணவரின் சட்டைப்பையில். இருவருக்கும் ஒன்று போதும் என்று எடுத்து வந்திருந்த கைப்பேசியும் அவரிடமே. சாலையோரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே மூன்று கிலோமீட்டர் நடந்து, ஒரு மிதிவண்டிக் கடையைக் கண்டு, பணம் பிறகு தருவதாகச் சொல்லி ஒட்டுப்போட்டுக்கொண்டு, மனைவி மேலூர் வந்து சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறிவிட்டது.

அவர் சினந்து பேசவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, "வழியில் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

கணவரிடம் விடை இல்லை.

அன்றிரவு செபமாலை சொல்லும்போது, ஐந்தாம் மகிழ்ச்சி மறையுண்மையில் நாங்கள் இருவருமே ஒரு கணம் தயங்கினோம். பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து திரும்பிய சூசையப்பரும் மரியன்னையும், மகன் பயணக் கூட்டத்தோடு வருவதாக எண்ணிக்கொண்டு ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள் அல்லவா? திருக்குடும்பத்திலேயே 'வந்துகொண்டிருப்பார்' என்ற எண்ணம் ஒரு நாள் பிரிவை உண்டாக்கிற்று என்றால், நம் போன்றோர் இல்லங்களில் அது எத்தனை ஆண்டுப் பிரிவை உண்டாக்கியிருக்கும்! ஆயினும் அவர்கள் நின்றார்கள்; திரும்பினார்கள்; கண்டடையும் வரை தேடினார்கள். நாங்களும் சற்றே திரும்பிப் பார்க்கலானோம்.

அப்பொழுதுதான், முப்பது ஆண்டுகளாக எங்கள் இல்லத்தில் பேசப்படாதிருந்த ஒரு செய்தி வெளிவந்தது.

மனைவி புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1991-இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. எழுத்தறிவு இயக்கமாகத் தோன்றிய அது, அன்று மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெரியதோர் இயக்கமாகவும் வளர்ந்தது. கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டர்கள் ஊர்விட்டு ஊர் போக வேண்டும். பேருந்துக்குக் காத்திருந்தால் ஆகாது. தந்தையோ அண்ணனோ கொண்டு விட வேண்டும் என்றிருந்தாலும் ஆகாது. எனவே மிதிவண்டி. ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அதனைக் கற்றனர். கல் உடைக்கும் பெண்களும், வயலில் உழைக்கும் பெண்களும், செவிலியரும், ஆசிரியைகளும் அவர்களுள் இருந்தனர். மிதிவண்டி வாங்க வங்கிகள் கடன் வழங்கின. பெண்களுக்கான வண்டிகள் போதாமற்போனபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். அதன் நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை விரிவாக எழுதி நாடறியச் செய்தார்.

அந்த ஒரு இலட்சத்துள் ஒருவராக எங்கள் இல்லத்து மனைவியும் இருந்தார். தம் அண்ணனின் வண்டியில் களத்துமேட்டில் விழுந்து எழுந்து கற்று, ஐந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஊருக்கு மாலைதோறும் சென்று அரிச்சுவடி கற்பித்தவர். 1995 தை மாதத்தில் திருமணமாகி மதுரைக்கு வந்தார். வந்த சில வாரங்களில், கடைத்தெருவுக்குச் செல்ல மிதிவண்டி இருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். "நம் வீட்டு மருமகள் சைக்கிளில் போனால் நாலுபேர் என்ன சொல்வார்கள்?" என்று பெரியவர்கள் கேட்டனர். பேச்சு அத்தோடு முடிந்தது. கணவர் அதைத் தடுக்கவில்லை. தடுத்தவர்களைத் தடுக்கவும் இல்லை. அவ்வாறு ஒன்று நிகழ்ந்ததே அவர் நினைவில் நிற்கவில்லை. மனைவியின் நினைவிலிருந்து ஒரு நாளும் அது அகன்றதில்லை.

வாசகர்களே, இல்லறத்தில் பெரிய கொடுமைகள் நிகழாத வீடுகள் பல உண்டு. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று என்றே எண்ணியிருந்தோம். ஆனால் ஒருவர் விரைந்து முன்னே செல்ல, மற்றவர் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு தனியே பின்தொடர்வதும், முன்னே சென்றவர் அதை அறியாமலேயே தேநீர் அருந்துவதும் கொடுமையில் சேராதா? கணவர் அன்று மன்னிப்புக் கேட்டார். மனைவி மன்னித்தார். ஆயினும், "புதுக்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும், திருச்சி வழி வேண்டாம்" என்று கணவர் முன்பே வகுத்த பாதைக்கு மனைவி ஏன் அவ்வளவு ஆர்வத்தோடு இசைந்தார் என்பது அன்றுதான் அவருக்கு விளங்கிற்று. தூரம் குறைவென்பதற்காகக் கணவர் தேர்ந்த வழி அது. பிறந்த மண்ணைத் தம் சொந்த வண்டியில் கடக்கலாம் என்பதற்காக மனைவி ஏற்ற வழி அது.

தம்பதியராக மிதிவண்டியில் நெடும்பயணம் செல்வது புதுமையும் அன்று. அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற மாதும் அவர் கணவர் மருத்துவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும் 1897-இல் ஆசியப் பயணம் தொடங்கினர். மனைவிக்கு அப்போது 38 வயது, கணவருக்கு 50. இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயம் வரை சென்றனர். கடந்த தொலைவு மொத்தம் ஏறத்தாழ 14,000 மைல். உணவும் தண்ணீரும் படுக்கையும் இன்றித் துன்புற்ற நாள்கள் உண்டு. ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டிய நாளும் உண்டு. அப்பயணத்தை 1904-இல் நூலாகவும் இருவர் பெயரில் வெளியிட்டனர். தங்களுக்காகச் சுமை தூக்கிய எளியவர்களை அவர்கள் நடத்திய முறை பாராட்டத்தக்கதன்று என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆகவே அவர்களிடம் கற்க வேண்டியவை இரண்டு: சேர்ந்து மிதிக்கும் உறுதியை ஏற்க வேண்டும், வழியில் உள்ளோரைச் சிறுமையாகக் காணும் பார்வையைத் தவிர்க்க வேண்டும்.

அந்த மேலூர்ப் பாடத்துக்குப் பிறகு எங்கள் ஆயத்தம் முழுவதையும் மாற்றியமைத்தோம். இவ்வாறு செல்ல விரும்பும் தம்பதியருக்குப் பயன்படுமென்று சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, உடல். இருவரும் மருத்துவரைக் கண்டு, இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, அனுமதி பெற்ற பின்னரே தொடங்கினோம். எட்டு வாரப் பயிற்சி. முதல் வாரம் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கமாகப் பத்து கிலோமீட்டர்; பிறகு இருபது, முப்பது, நாற்பது என்று ஏற்றிக்கொண்டு போகிறோம். ஒரே நாளில் அதிக தூரம் மிதிப்பதைவிட, அடுத்தடுத்த இரண்டு நாள் மிதித்துப் பார்ப்பதே உண்மையான சோதனை. முதல் நாள் யாரும் மிதித்துவிடலாம். இரண்டாம் நாள் காலையில் இருக்கையில் மீண்டும் அமரும்போதுதான் உடல் உண்மையைப் பேசும்.

இரண்டாவது, வண்டி. இருக்கையின் உயரம் சரியாக இல்லையெனில் முழங்கால் வலிக்கும். அமர்ந்த நிலையில், கீழே இறங்கிய பெடலின்மீது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், அதுவே அளவு. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கி இருக்கும். பல ஆண்டுகளாக மனைவிமார் ஏறி இறங்க எளிதென்று இருக்கையைத் தாழ்த்தி வைத்து ஓட்டி, முழங்கால் வலியைத் தம் உடற்குறை என்று எண்ணிக்கொள்வதைப் பார்க்கிறோம். குறை பெரும்பாலும் இருக்கையில்தான். பிரேக் கட்டைகள், சங்கிலி, டயர்கள் ஆகியவற்றைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே மாற்றிவிட்டு, அவற்றோடு பழக வேண்டும். பயண நாளில் எதுவும் புதிதாக இருத்தல் ஆகாது.

மூன்றாவது, சுமை. ஆளுக்கு எட்டு கிலோ என்று வரையறுத்து, வீட்டுத் தராசில் நிறுத்தோம். கணவர் எடுத்து வைத்திருந்த சுத்தியலும் பெரிய ஃபிளாஸ்க்கும் முதலில் வெளியேறின. மனைவி எடுத்து வைத்திருந்த ஊறுகாய்ச் சாடி அடுத்து வெளியேறிற்று. 'தேவைப்பட்டால்' என்ற சொல்லுக்கு அடியில் எத்தனை அச்சங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் பை கட்டும்போது அறிந்தோம். சுமையைக் கேரியரின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். ஹேண்டில்பாரில் மாட்டினால் வண்டி தள்ளாடும்.

ஆனால் பம்பு, ஒட்டுப்போடும் பொருள்கள், ஸ்பேனர், பணம், கைப்பேசி, குடிநீர் ஆகியவை இருவர் பையிலும் தனித்தனியே இருக்கின்றன. எடை சற்றுக் கூடினாலும் கூடட்டும். ஒட்டுப்போடும் கலையையும் இருவருமே கற்றுக்கொண்டோம். துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, அது உலரும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே ரப்பர் துண்டை ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. கணவரின் முதல் மூன்று ஒட்டும் பிடிக்கவில்லை. மனைவியின் முதல் ஒட்டே நின்றது. காரணம் பொறுமைதான்.

நான்காவது, உணவும் நீரும் ஓய்வும். தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். நீர்மோர், வாழைப்பழம், கடலைமிட்டாய் ஆகியவை வழியெங்கும் கிடைக்கும். வயிற்றுப்போக்கு நேர்ந்தால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி இட்டுக் கலக்கி அருந்தலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளோர் மருத்துவரை முன்பே கேட்டறிதல் நலம். இரவு தங்குவதற்கு வழியிலுள்ள பங்குகளுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியுள்ளோம். பெண்களுக்குக் கழிப்பிட வசதி எங்கெங்கே உண்டு என்பதையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டோம். கணவர் தனியே வகுத்த முதல் திட்டத்தில் இந்தக் குறிப்பு ஒன்றுகூட இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, சாலை. ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும். இணையாகப் பேசிக்கொண்டு போவது நெடுஞ்சாலைக்கு உதவாது. இருட்டில் ஓட்டுவதில்லை; ஆயினும் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டரும் விளக்கும் உண்டு. தலைக்கவசம் உண்டு. தையில் தஞ்சைப் பகுதியில் சம்பா அறுவடை நடக்கும். சாலையோரத்தில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருப்பர். ஓரம் என்று நம்பி அதன்மேல் ஏறினால் சக்கரம் வழுக்கும். உழவரின் உழைப்பும் மிதிபடும். அங்கே இறங்கித் தள்ளிச் செல்வது எனத் தீர்மானித்திருக்கிறோம்.

இனி, தலைப்பில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். யார் முன்னே செல்வது?

மேலூர் நிகழ்ச்சிக்குப் பின், மெதுவாகச் செல்பவரே முன்னே செல்ல வேண்டும் என்று விதி வகுத்தோம். முதுபெருந்தந்தை யாக்கோபு, அண்ணன் ஏசாவோடு விரைந்து செல்ல மறுத்து, சிறுவர்களும் குட்டி ஈன்ற ஆடுமாடுகளும் நடக்கும் வேகத்திற்கே தாம் நடப்பதாகச் சொன்ன நிகழ்ச்சியைத் தொடக்க நூலில் படித்து மகிழ்ந்தோம். மனைவி முன்னே, கணவர் பின்னே. சில வாரங்கள் நன்றாகவே நடந்தது.

பிறகு ஒரு நாள் கார்த்திகைக் காற்று எதிர்த்து வீசியது. வாடைக்காற்றுக் காலத்தில் வடகிழக்கே மிதிப்பவருக்கு எதிர்க்காற்று உறுதி. தையிலும் அப்படியே இருக்கும். முன்னே செல்பவர்தாம் காற்றை மார்பில் தாங்குகிறார். பின்னே வருபவருக்கு உழைப்பு குறைகிறது. வலிமை குறைந்தவரை முன்னே விட்டு, அவர் முதுகின் மறைவில் வலியவர் சுகமாக வருவது என்ன நீதி? எங்கள் விதி அன்றே உடைந்தது.

இப்போதைய ஏற்பாடு இது: காற்று எதிர்த்தால் கணவர் முன்னே சென்று அதைத் தாங்குவார், ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பவர் பின்னே வரும் மனைவியே. மணியை ஒருமுறை அடித்தால் 'மெல்ல'. இருமுறை அடித்தால் 'நில்'. மணி கேட்டால் முன்னே இருப்பவர் காரணம் கேளாமல் கீழ்ப்படிய வேண்டும். காற்று தணிந்தால் மனைவி முன்னே. புதுக்கோட்டை மாவட்டத்துள் நுழைந்தது முதல், காற்று எப்படியிருப்பினும் மனைவியே முன்னே செல்வார். அதை அவரே கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

முன்னே செல்வதில் பெருமையும் இல்லை, பின்னே வருவதில் சிறுமையும் இல்லை என்பதை இந்த மணி எங்களுக்குக் கற்பித்தது. முன்னே செல்பவர் பின்னே வருபவருக்காகக் காற்றைத் தாங்குகிறாரா, பின்னே ஒலிக்கும் மணி அவர் காதில் விழுகிறதா என்பதே கேள்வி. திருமண நாளில் பீடத்தின்முன் நாம் கொடுத்த வாக்கு, ஒரே இடத்திற்குச் சென்று சேர்வோம் என்பது மட்டுமன்று. வழியெல்லாம் சேர்ந்திருப்போம் என்பதுமாகும். எங்கள் மக்கள் கேட்ட கேள்விக்கும் இதுவே விடை. பேருந்தில் சென்றிருந்தால் ஒரே இருக்கையில் அருகருகே அமர்ந்து வேளாங்கண்ணியை அடைந்திருப்போம். மேலூர்ச் சாலையில் மனைவி கேட்ட கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போயிருக்கும்.

பயணம் இனிமேல்தான். அன்னையின் திருத்தலத்தை நாங்கள் மிதித்தே அடைவோமா, நடுவில் உடல் ஒத்துழைக்காமல் பேருந்தில் ஏற நேருமா என்பதை இறைவனே அறிவார். அவ்வாறு நேர்ந்தால் இருவரும் ஒன்றாகவே ஏறுவோம். புறப்படும் நாளன்று விடியற்காலைத் திருப்பலிக்குப் பின் பங்குத் தந்தை இரு வண்டிகளையும் மந்திரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மிதிவண்டி இல்லாத வாசகர்களுக்கும் இன்று மாலை செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் துணைவரிடமோ துணைவியிடமோ, திருமணத்தின்போது அவர் விட்டுவந்த பொருள் எது, கலை எது, ஆசை எது என்று கேளுங்கள். விடை வரச் சற்றுத் தாமதமாகலாம். காத்திருங்கள்.

அன்னை மரியாள் நம் இல்லங்கள் அனைத்திற்கும் வழித்துணையாவாராக.